மாப்பிள்ளை கொண்டுவந்த கிரகம்

எங்கள் வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வந்த அன்றே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. மாப்பிள்ளையை வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்றார்கள். கம்ப்யூட்டரைக் கொல்லைப்புற வழியாக இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் அவருடைய அறையில் வைத்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. நான் கொல்லைப்புறத்துக்குத்தான் ஓடினேன்.

எங்கள் காரைக்கால் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணம் முடிந்ததும் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவருக்கென்று நல்ல அறையாகப் பார்த்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டு, கதவுக்குப் புதுத் திரை மாட்டி வைப்பார்கள். அப்படி வந்தவர்தான் என் சாச்சா. உம்மாவின் தங்கையை, அதாவது என் சாச்சியை, நிக்காஹ் செய்தவர். உம்மாவுக்கும் சாச்சிக்கும் தாய் தகப்பன் சீக்கிரமே மௌத்தாகிவிட்டதால் உம்மாதான் தங்கையை வளர்த்தாள், உம்மாதான் கல்யாணமும் செய்து வைத்தாள். ஆகவே மாப்பிள்ளைக்கு ஒரு மாமியார் செய்ய வேண்டிய மரியாதை எல்லாம் உம்மா தலையில் விழுந்தது.

அந்த மரியாதையில் இரண்டு சட்டங்கள் இருந்தன. புது மாப்பிள்ளை மனம் கோணும்படி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. உம்மா அவர் முன்னால் வரவும் கூடாது; எது சொல்ல வேண்டியிருந்தாலும் திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஆள் மூலமாகத்தான் சொல்ல வேண்டும். வாப்பா காலையில் கடைக்குப் போனால் ராத்திரி இஷாத் தொழுகை முடிந்துதான் வருவார். வேறு பிள்ளைகளும் வீட்டில் இல்லை. அதனால் அந்த ஆள் நான்தான்.

சாச்சா துபாயில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு மாத லீவில் வந்திருந்தார். வந்து பெண் பார்த்து, பேசி முடித்து, கல்யாணமும் ஆவதற்குள் பதினைந்து நாள் ஓடிவிட்டது. மிச்சம் நாற்பத்தைந்து நாள். அந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் அடிக்கடி சொல்லிக்கொண்டார்கள். நானும் சொன்னேன். ஆனால் நான் வேறு காரியத்துக்காக அந்த நாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் சாச்சா கம்ப்யூட்டரை மாட்டினார். மேசையின் இரண்டு பக்கமும் கறுப்பாக இரண்டு ஸ்பீக்கர் வைத்தார். சாச்சி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியின் கையில் ஏறி உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்குள் குண்டு வெடித்தது. அடுப்படியில் உம்மா எதையோ கீழே போட்ட சத்தமும் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் நிழல் வந்து நின்றது. நான் வெளியே போனேன்.

“என்னா புள்ளே அது?”

“சண்டை உம்மா.”

“யாருக்கும் யாருக்கும்?”

“சாச்சாவுக்கும் வேற கிரகத்து ஆளுங்களுக்கும்.”

சண்டை போடுவது நானாக இருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் அன்றைக்கே கொல்லைக் கிணற்றுக்குப் போயிருக்கும். “மாப்புளைக்கு டீ வேணுமான்னு கேளு” என்று சொல்லிவிட்டு உம்மா போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்னங்க, உங்க ஊட்டுல வெடிச் சத்தமா கேக்குது?” என்றதற்கு, “ஒண்ணுமில்லங்க, மாப்புளை வேலை பாக்குறாங்க” என்று பதில் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அந்த கேமுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அது ‘மாப்பிள்ளை சண்டை’தான். அதில் ஒரு சிப்பாய். அவன் வந்த விண்கப்பல் தூரத்துக் கிரகம் ஒன்றில் விழுந்து எரிந்துவிடுகிறது. அங்கே நாலு காலில் நடக்கும், நெற்றியில் வெளிச்சம் எரியும் ஜந்துக்கள் இருக்கின்றன. அவற்றைச் சுட்டுச் சமாளித்துக்கொண்டு ஒன்பது கட்டங்களைக் கடந்து போனால் அவனை ஏற்றிப்போக இன்னொரு கப்பல் வரும். சிப்பாயை நாம் பார்க்கவே முடியாது. திரையின் அடியில் அவனுடைய இரண்டு கையும் ஒரு துப்பாக்கியும் மட்டும் தெரியும். மற்றது எல்லாம் அவன் கண்ணால் நாம் பார்ப்பதுதான்.

இன்று என் மகன் கைபேசியில் எத்தனையோ விளையாடுகிறான். நான் அடுப்பில் வேலையாக இருந்தபடியே, “எதிரிங்க எல்லாம் ஒரே பக்கமா ஓடி வருதுங்க, அறிவே இல்ல” என்று குறை சொன்னால் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்க்கிறான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய தன் உம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று அவனுக்குப் புரிவதில்லை. எனக்குத் தெரியும். மாப்பிள்ளை சண்டையின் ஜந்துக்கள் அப்படி வராது. ஒன்று முன்னால் நின்று சுட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பாறைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்துவிடும். வருவதற்கு முன்னால் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். கிட்டத்தட்ட கொக்கு கத்துவது போன்ற சத்தம். அந்தச் சத்தத்தைப் பழகிவிட்டால் முதுகைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பயத்தைக்கூட காதால் கற்றுக்கொடுத்த விளையாட்டு அது. பிறகு அந்த மழை. இரண்டாம் கட்டத்தில் மழை பிடிக்கும். துளிகள் சிப்பாயின் தலைக்கவசக் கண்ணாடியில் விழுந்து வழியும். எங்கள் ஓட்டிலும் ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும். எது உள்ளே எது வெளியே என்று தெரியாமல் நான் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதுண்டு. மழை விட்டால் இரண்டு நிலா ஏறும். முதல் தடவை அதைப் பார்த்தபோது சாச்சி வாய்விட்டு சுப்ஹானல்லாஹ் என்று சொன்னாள். வரைந்த நிலாதானே என்று சாச்சா சிரித்தார். “வரைஞ்சவனைப் படைச்சது யாரு?” என்றாள் அவள்.

குறைகளும் இருந்தன. சிப்பாய்க்குக் கூட்டாளி ஒருவன் உண்டு. ஆபத்து வரும்போது எங்கே போவான் என்று தெரியாது. நாம் ஓட வேண்டிய நேரத்தில் சரியாக வாசற்படியில் வந்து நிற்பான். தள்ளவும் முடியாது, சுடவும் முடியாது. “வழிய உடுங்கனி, வழிய உடு!” என்று சாச்சா திரையைப் பார்த்துக் கெஞ்சுவார். நாலாம் கட்டத்தில் வந்த அதே நடைபாதை ஆறாம் கட்டத்தில் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டு மறுபடியும் வரும். செத்துப்போனால் தளபதி ஒருவர் ரேடியோவில் பேசிய நீண்ட பேச்சை முதலிலிருந்து கேட்க வேண்டும். அதை நிறுத்தப் பொத்தான் கிடையாது. அந்தப் பேச்சின் ஆங்கிலம் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. அதனால் கதையை சாச்சாவே சொல்லிக்கொண்டு போனார்.

“இந்த ஆளு ஏன் அங்க போனான்?” என்று ஒரு நாள் சாச்சி கேட்டாள்.

“வேலைக்குத்தான்.”

“குடும்பம்?”

“ஊருல இருக்கு.”

“லீவு உண்டா?”

“ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு ஜந்து பின்னால் வந்து சிப்பாயைக் கொன்றுவிட்டது. எனக்குக் கோபம் வந்தது.

எல்லாக் குறையிலும் பெரிய குறை நீல விளக்கு. விளையாட்டை நினைத்த இடத்தில் பத்திரப்படுத்த முடியாது. வழியில் எங்காவது ஒரு கம்பத்தில் நீல விளக்கு எரியும். அதன் அடியில் போய் நின்றால்தான் அதுவரை கடந்தது பதிவாகும். அதுவும் விளையாடுகிறவர் போட்டுக்கொண்ட பெயரில்தான் பதிவாகும், ஒரு பெயருக்கு ஓர் இடம்தான். அடுத்த விளக்கை எட்டினால் பழையது அழிந்துவிடும். கடைசிக் கட்டமான ஒன்பதாம் கட்டம் ஒரு நீளமான பள்ளத்தாக்கு. அதன் வாயில் ஒரு நீல விளக்கு. அதற்கப்புறம் கடைசி வரை ஒன்றுமே இல்லை.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாக இருந்திருக்காது. எங்களுக்கு இருந்தது. காலையில் எனக்குப் பள்ளிக்கூடம். மதியம் சாச்சாவுக்கு நெரவியிலோ கோவில்பத்திலோ யாராவது சொந்தக்காரர் வீட்டில் மாப்பிள்ளை விருந்து. நான் வந்து, அவரும் வந்து, உட்காரும்போது மணி நாலேகால் ஆகிவிடும். ஐந்தே முக்காலுக்குப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிபு பாங்கு. மஃரிபுக்குப் பிறகு நான் குர்ஆன் ஓதப் போக வேண்டும். வந்தால் சாப்பிட்டுப் படுக்க வேண்டும். கேமை அப்படியே நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கத்தான் செய்தது. ஆனால் சாச்சா ஒப்பமாட்டார். பாங்கின் முதல் வார்த்தை காதில் விழுந்ததும் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுவார். “அல்லா கூப்புடுறப்ப ஒருத்தன் கையில துப்பாக்கியோட காத்திருக்கக் கூடாது, நாம திரும்பி வர்ற வரைக்கும் மனசு அவன்கிட்டயே நிக்கும்” என்பார். இதை நான் உம்மாவிடம் போய்ச் சொன்னதிலிருந்து உம்மாவுக்கு மாப்பிள்ளை மேல் மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது. குண்டுச் சத்தத்தைப் பற்றி அவள் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளத்தாக்கைக் கடக்க எப்படியும் இரண்டு மணி நேரம் வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒன்றரை மணி. தினமும் நாங்கள் பாதிப் பள்ளத்தாக்கில் பாங்கு கேட்டோம்.

சாச்சி பக்கத்தில் கட்டிலில் இருப்பாள். சால்வையில் பூ தைத்துக்கொண்டிருப்பாள். தட்டில் இறால் வாடாப் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்து வைப்பாள். நான் அவருக்கும் அவளுக்கும் நடுவில்தான் எப்போதும் இருந்தேன். மாப்பிள்ளை அறைக்குள் நினைத்த நேரத்தில் நுழையும் உரிமை வீட்டிலேயே எனக்கு மட்டும்தான் என்று எனக்குப் பெருமை. உம்மா திரைக்கு வெளியிலிருந்து, “இங்க வா புள்ளே, வெங்காயம் உரி”, “இங்க வந்து கோழிய அடை” என்று விடாமல் கூப்பிடுவாள். நான் விளையாடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஐந்து நிமிஷத்தில் உரித்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

பள்ளத்தாக்கை எட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சாச்சி ரோஸ் நிறப் பட்டு கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாச்சா எட்டாம் கட்டத்தில் ஒரு தொங்கு பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். உம்மா என்னை வெளியே கூப்பிட்டாள். “சாச்சிய கூட்டிக்கிட்டு பீச்சுக்கு ஒரு நடை போயிட்டு வாங்கன்னு உம்மா சொன்னாங்கன்னு மாப்புளைகிட்ட சொல்லு.” நான் உள்ளே போனேன். பாலத்தில் மூன்று ஜந்து வந்துகொண்டிருந்தன. இந்த நேரத்தில் எழுந்து பீச்சுக்குப் போனால் அதுவரை பட்ட பாடு முழுவதும் வீண். “உம்மா டீ வேணுமான்னு கேக்குறாங்க” என்றேன். வேண்டும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து உம்மா மறுபடியும் கூப்பிட்டாள். “சொன்னியா?” “சொன்னேன்.” “இன்னொரு தடவை சொல்லு, இருட்டிடும்.” நான் போய் இன்னொரு டீ சொன்னேன். அன்று சாயங்காலம் சாச்சா மூன்று டீ குடித்தார். தானாக வாய்விட்டுக் கேட்க சாச்சிக்குக் கூச்சம். அவள் பட்டுப் புடவையோடு எட்டாம் கட்டம் முழுவதும் பார்த்தாள். பாலத்தைக் கடந்ததும் நான் கை தட்டினேன். அவளும் தட்டினாள்.

நாற்பத்தைந்து நாள் முடிந்தது. பள்ளத்தாக்கு முடியவில்லை. கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம் சாச்சா அந்த வாயிலின் நீல விளக்கடியில் சிப்பாயைக் கொண்டுபோய் நிறுத்தினார். மேலே போகலாம் என்று நான் கெஞ்சினேன். “போதும்மா, இங்கேயே நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். பாங்குக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவர் அதற்கு முன்பே அணைத்தது அன்றைக்கு ஒரு நாள்தான். மறுநாள் துபாய்க்குச் சபர். வாசலில் பள்ளிவாசல் லெப்பை துஆ ஓதினார். சாச்சா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, என் தலையில் கை வைத்து, காரில் ஏறினார். சாச்சி வாசலுக்கு வரவில்லை. திரைக்குப் பின்னால் நின்றாள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஜுமுஆத் தொழுகை முடிந்து போன் வரும். போன் நடுக்கூடத்தில் இருந்தது. வாப்பா பேசி, நான் பேசி, உம்மா சாச்சியிடம் இன்னின்னது கேள் என்று சொல்லிக்கொடுத்து, கடைசியில் சாச்சி ரிசீவரை வாங்கும்போது எங்கள் எல்லோருடைய பார்வையும் அவள் மேல் இருக்கும். “ம்” என்பாள். “ஆமாங்க” என்பாள். “நீங்க சாப்பிட்டீங்களா?” என்பாள். முடிந்துவிடும்.

கம்ப்யூட்டர் இனி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். சாச்சி ஒரு நிபந்தனை போட்டாள். “அவுக பேருல இருக்குறதைத் தொடாதே. உனக்குன்னு பேரு போட்டு ஆரம்பத்துலேருந்து விளையாடு.” அப்படியே செய்தேன். ஆறாம் கட்டத்தின் பச்சை நடைபாதையில் மாட்டிக்கொண்டு மாதக் கணக்கில் கிடந்தேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் சாச்சிக்கு. அவள் சாச்சாவின் பெயரைத் திறப்பாள். சிப்பாய் நீல விளக்கடியில் நின்றுகொண்டிருப்பான். அவள் எந்தப் பொத்தானையும் அழுத்தமாட்டாள். சும்மா விட்டுவைத்தால் அந்த இரண்டு கையும் மூச்சுக்கு ஏற்ற மாதிரி லேசாக ஏறி இறங்கும். தலைக்கவசத்துக்குள்ளே மூச்சு விடும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். அவள் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு தைப்பாள், நடுநடுவே நிமிர்ந்து பார்ப்பாள். பாங்கு சொன்னதும் அணைத்துவிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போவாள். எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். விளையாடத் தெரியாமல், கேட்கவும் வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரே இடத்தில் நிற்கிறாளே என்று. “நான் சொல்லித் தரட்டா சாச்சி?” என்று இரண்டு தடவை கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

கோடை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை சாச்சா போனில் என்னிடம், “என்னம்மா, பள்ளத்தாக்கை யாராச்சும் தாண்டுனீங்களா?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டிருப்பார். எனக்கு அது கட்டளை மாதிரி பட்டது. அவர் விட்டுவிட்டுப் போன வேலையை நான் முடித்துவைத்தால் அவருக்கும் சந்தோஷம், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும் சாச்சிக்கும் ஒரு விடிவு. அப்படித்தான் யோசித்தேன். சொல்லாமல் செய்து திடீரென்று காட்ட வேண்டும் என்றும் ஆசை.

அடுத்த வாரம் தெருவில் ஒரு வீட்டில் மௌலூது ஓதும் விசேஷம். உம்மாவும் சாச்சியும் அஸர் தொழுத கையோடு போனார்கள். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அவர்கள் தெரு திரும்பியதும் சாச்சாவின் பெயரைத் திறந்தேன். அவருடைய கைகளை முதல் தடவையாக நான் நடக்க வைத்தேன்.

அன்று எல்லாம் கூடி வந்தது. கூட்டாளி வழியை மறிக்கவில்லை. கொக்குச் சத்தம் கேட்ட இடத்தில் எல்லாம் திரும்பித் திரும்பிச் சுட்டேன். பள்ளத்தாக்கின் கடைசித் திருப்பம் வந்தபோது, நாங்கள் ஒருநாளும் பார்க்காத வெளிச்சம் ஒன்று தூரத்தில் தெரிந்தது. அப்போது பாங்கு சொன்னார்கள்.

நான் அணைக்கவில்லை. ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் குறைத்தேன். அந்தத் திருகியைத் திருப்பியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. பள்ளிவாசல் ஓசை முழுவதும் என் மேல் வந்து விழுந்துகொண்டிருக்க, நான் தலையைக் குனிந்துகொண்டு சுட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ தொழுகைகளைத் தவறவிட்டதும் உண்டு, பிறகு களாவாகத் தொழுததும் உண்டு. ஆனால் துஆவில் கை ஏந்தும்போது தனியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது அந்த ஒரு மஃரிபுக்குத்தான்.

கப்பல் வந்தது. சிப்பாய் ஏறினான். கதவு மூடியது. திரை இருண்டு, ஆங்கிலத்தில் யார் யாரோ பெயர்கள் கீழிருந்து மேலே போயின. நான் காத்திருந்தேன். பெயர்கள் முடிந்ததும் முதல் பக்கம் வந்துவிட்டது. அவ்வளவுதான். அவன் எங்கே போனான், ஊர் போய்ச் சேர்ந்தானா, ஒன்றும் இல்லை. ஒன்பது கட்டம் ஒருவனைக் கூட்டிக்கொண்டு நடந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்கிறதே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த விளையாட்டின் குறைகளில் இதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் அஸருக்குப் பிறகு சாச்சி உட்கார்ந்தாள். நான் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அவள் சாச்சாவின் பெயரைத் திறந்தாள். திரையில் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. முதல் கட்டம். மூடிவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் எரியும் கப்பல்.

“அவுக எங்க புள்ளே?”

“யாரு, சிப்பாயா? முடிச்சிட்டேன் சாச்சி! நேத்து நான் ஒருத்தியே முடிச்சிட்டேன். கப்பல் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சு.”

“திரும்ப வரமாட்டாங்களா?”

“வர முடியாது. முடிஞ்சிட்டா விளக்கு அழிஞ்சிரும். மறுபடி மொதல்லேருந்துதான் ஆரம்பிக்கணும்.”

“எங்க போனாங்க? ஊட்டுக்கா?”

“அதைக் காட்டல. அதான் இந்த கேமுல பெரிய குறை.”

சாச்சி என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நல்லா விளையாடினே என்றுகூடச் சொன்னாள். சொல்லும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் பயந்துபோய் உம்மாவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை திரையைத் தாண்டி உள்ளே வர உம்மாவுக்கு எந்தத் தடையும் இல்லை. அவள் வந்து தங்கையைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். உதை விழும் என்று நினைத்தேன். “போயி வெங்காயம் உரி” என்றாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்ததில் எனக்குக் காரணம் பிடிபட்டது. சாச்சி ஆறு மாதமாக முடிவைப் பார்க்கக் காத்திருந்திருக்கிறாள். நான் அவள் இல்லாத நேரத்தில் முடித்துவிட்டேன். கப்பல் வந்ததை, அந்த வெளிச்சத்தை, அவள் பார்க்கவில்லை. அழாமல் என்ன செய்வாள்? என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது என்பதில் ஒரு நிம்மதிகூட வந்தது. பரிகாரமும் சுலபம். பார்க்காததை வாயால் சொல்லிவிடலாம்.

அன்றிலிருந்து அஸருக்குப் பிறகு நான் அவளுக்கு முடிவைச் சொன்னேன். முதல் நாள் உள்ளபடி சொன்னேன். அது நன்றாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. இரண்டாம் நாள் கப்பலுக்குள் அவனுக்குச் சாப்பாடு கொடுத்தேன். மூன்றாம் நாள் பூமி தெரிந்தது. சாச்சி ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலத் தையலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நாலாம் நாள் அவனை ஊரில் இறக்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மழையில் நனைய நனைய அவன் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டேன். வீட்டுக் கதவைத் தட்ட வைத்தேன். அதோடு முற்றும் என்றேன்.

“கதவைத் தொறந்தது யாரு?” என்றாள் சாச்சி.

நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் தடுமாறவில்லை. “அவன் உம்மாதான். வேற யாரு தொறப்பா?”

சாச்சி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. என் கன்னத்தைக் கிள்ளி, “நல்லா யோசிச்சிட்டு நாளைக்கு வந்து சொல்லு” என்றாள்.

நான் நன்றாக யோசித்தேன். பள்ளிக்கூடக் கணக்குக்குக்கூட அவ்வளவு யோசித்ததில்லை. கதையில் எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது, அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். மழை பெய்கிறது, இருட்டிவிட்டது, அந்த நேரத்தில் வயதான உம்மாவா எழுந்து வந்து கதவைத் திறப்பாள்? மறுநாள் அஸர் முடியும்வரை பொறுக்க முடியாமல் ஓடிப்போய், திருத்தமான பதிலைச் சாச்சியிடம் சொன்னேன். கதவைத் திறந்தது அவனுடைய வாப்பா.